பருத்திக்கிட்டங்கித் தெருவில் தனியாகத் திரிந்த குரைப்பு

ராக்கெட்டின் குரைப்பு அவன் உடம்பை விட்டு இறங்கித் தனியாக நடக்க ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கேஸ் சிலிண்டர் வந்த நேரத்தில். சிலிண்டர்காரர் கேட்டைத் திறந்ததும், பதினாலு வயதுக் கிழவனான ராக்கெட், வாசலில் சாக்கின்மேல் படுத்த வாக்கிலேயே தலையை மட்டும் தூக்கி, கடமைக்கு வாயைத் திறந்தான். வாயிலிருந்து காற்றும் கொஞ்சம் எச்சிலும்தான் வந்தன. குரைப்போ அதற்குள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்து, சிலிண்டர்காரரின் கெண்டைக்காலைச் சுற்றிச் சுற்றி, இரண்டு வயது நாயின் தெம்போடு வள்வள்ளென்று குதித்துக்கொண்டிருந்தது.

அவர் தோளில் சிலிண்டரோடு ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"யக்கா, நாய் அங்கிட்டுக் கெடக்கு, கொரைப்பு இங்கிட்டு நிக்குது."

"வயசாகிப்போச்சுல்ல தம்பி," என்றாள் ராஜபுஷ்பம். "நீ சிலிண்டரை ஆட்டிக் காட்டு, போன தடவ சீக்கிரமே தீந்துபோச்சு."

அவளுக்கு அதற்குமேல் அதில் அதிசயப்பட நேரமில்லை. ராஜபுஷ்பத்துக்குக் கவலைப்படுவதே முழுநேர வேலை; இட்லி மாவு அரைத்து விற்பது இடையிடையே நடப்பது. வெயில் அடித்தால் மாவு புளித்துவிடுமே என்று கவலை, மழை பெய்தால் பொங்காமல் போய்விடுமே என்று கவலை, திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் செல்வராணி போன் பண்ணாவிட்டால் ஏன் பண்ணவில்லை என்றும், பண்ணினால் என்ன கேடோ ஏன் பண்ணுகிறாள் என்றும் கவலை. சாத்தூரில் வைப்பாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற பருத்திக்கிட்டங்கித் தெருவில், நடக்காத விஷயத்துக்கு முன்கூட்டியே அழுது முடித்துவைக்க வேண்டுமென்றால் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில் அவள் தலைமேல் உட்கார்ந்திருந்த கவலை வேறு. அதற்கு முந்தின வாரம்தான் மாட்டு டாக்டர் இன்பராஜ் வந்து, ராக்கெட்டின் பின்னங்கால் இரண்டையும் தூக்கிப் பார்த்து, அவை துணிக்கொடியில் போட்ட ஈரத்துண்டு மாதிரித் தொங்குவதைப் பார்த்து, இடுப்பில் இருந்த புண்ணையும் பார்த்துவிட்டு, "இழுத்துக்கிட்டுக் கெடக்க வேண்டாம்க்கா. ஒரு ஊசிதான். வலிக்காது. எப்பன்னு நீங்க சொல்லுங்க, நான் வாரேன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எப்பன்னு நீங்க சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷன் குருசாமியைக் கேட்டால், "ஒன் இஷ்டம் புஷ்பம்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து கஷ்டமான எல்லா விஷயத்திலும் அவர் அப்படித்தான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்து வந்தார். திருப்பூருக்குப் போன் போட்டால், "யம்மா, அவன் கண்ணப் பாரு, நேரம் வந்தா அவனே சொல்லுவான்" என்றாள் செல்வராணி. ராஜபுஷ்பம் போய் அவன் கண்ணைப் பார்த்தாள். இரண்டிலும் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. கண்ணோரம் பீளை இருந்தது. அதைத் துடைத்துவிட்டு வந்தாள்.

கடைசியில் தினசரிக் காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செவ்வாய் ஆகாது. வெள்ளி லட்சுமிக்கு உள்ளது, திங்கள் சிவனுக்கு உள்ளது. சனிக்கிழமை ஊருக்கே ஆகாது. ஞாயிறு டாக்டருக்கு லீவு, புதனும் வியாழனும் பார்த்தால் ஒன்று பிரதோஷம், ஒன்று கிருத்திகை. காது குத்த, சீமந்தம் செய்ய, கிணறு வெட்ட, மாடு வாங்க, கடன் தீர்க்க, மருந்துண்ண என்று உலகத்தில் இருக்கிற காரியத்துக்கெல்லாம் நேரம் குறித்துக் கொடுத்திருந்த காலண்டர்காரன், வீட்டு நாயை அனுப்பிவைக்க ஒரு நாழிகைகூட ஒதுக்கவில்லை.

இப்படி அவள் தேதி தேடிக்கொண்டிருந்தபோதுதான் குரைப்பு இறங்கிப் போனது.

அது இப்போதைய ராக்கெட்டின் குரைப்பு இல்லை. இப்போதைய குரைப்பு, இருமலுக்கும் ஏப்பத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக ஆகிப் பல மாதமாயிருந்தது. தெருவில் இறங்கியது, பாலம்வரை பஸ்ஸை விரட்டிக்கொண்டு ஓடி, பஸ்ஸை ஜெயித்துவிட்ட நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பி வந்த காலத்துக் குரைப்பு. காலையில் பால்காரரைக் கொண்டுவந்து விட்டு, பள்ளிக்கூட வேனை முக்குவரை அனுப்பிவைத்து, கீரைக்காரியிடம் வம்புக்குப் போய், மத்தியானம் பழைய பருத்திக் குடோனான கிட்டங்கியின் நிழலில் யாரும் இல்லாத இடத்தில் சின்னச் சின்னதாக உறுமிக்கொண்டு கிடந்து, சாயங்காலம் ஆனதும் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் அளந்து அளந்து குரைத்து, இது யார் தெரு என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தெரு அதை ஒரே வாரத்தில் பழகிக்கொண்டது. முதலில் கவனித்தது எதிர்வீட்டுச் சீனியம்மாள்தான். அவள் வீட்டு முருங்கையைத் தின்ன வரும் ஆடுகள் வாசலில் வெறும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி ஓடின. "மதினி, ஒங்க நாயவிட ஒங்க நாயோட கொரைப்பு நல்லாருக்கு," என்று அவள் வந்து சொன்னாள். "சோறு வைக்க வேணாம், தண்ணி வைக்க வேணாம், வாசல்ல வெளிக்கு இருந்து வைக்காது."

அதற்குப்பின் கடைசி வீட்டுக்காரர் குடித்துவிட்டு வரும் நாட்களில் குரைப்பு அவரைப் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடாமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு வந்து அவர் வாசலிலேயே விட்டது. அவரும் அதற்கு "குட் நைட் சார்" சொல்லிப் பழகினார். குழந்தைகள் அதை வைத்து ஒளிந்து விளையாடினார்கள். புதிதாக வந்த மருமகள்கள் மாமியாரைப் பற்றிப் பேசும்போது அதைக் கதவுக்கு வெளியே காவல் வைத்தார்கள். தெரு நலச் சங்கத் தலைவர் பாக்கியநாதன் அண்ணாச்சி, ரிட்டையர்டு பஸ் கண்டக்டர், பேச்சுக்கு நடுவில் வாயால் விசில் அடிக்கும் பழக்கம் இன்னும் போகாதவர், மூன்று வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த கேமரா வைக்கும் திட்டத்தைக் கைவிட்டு, தெரு முனையில் ஒரு பிளக்ஸ் கட்டினார். அதில் அவர் படம் பெரிதாகவும், "இத்தெரு குரைப்பின் கண்காணிப்பில் உள்ளது" என்ற எழுத்து சிறிதாகவும் இருந்தன. குரைப்புக்குப் படம் போட வழியில்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் பொறாமை வந்தது. பிஸ்கட் போட்டுப் பார்த்தார்கள். குரைப்பு பிஸ்கட் தின்னாது. பிறகு மூளை வேலை செய்து, முக்கில் ஒரு பெட்டை நாயைக் கொண்டுவந்து கட்டினார்கள். குரைப்பு இரண்டு நாள் அங்கே போய்த் தொண்டையைக் கனைத்துக் கனைத்துக் குழைந்து பேசிவிட்டு, மூன்றாம் நாள் எரிச்சலாகத் திரும்பி வந்தது. "ஒடம்ப இங்கன விட்டுட்டு அங்கன போயி என்னத்தப் பண்ணிக் கிழிக்க," என்றாள் சீனியம்மாள்.

ஆனால் அந்த ஓட்டத்தில் தெரு பயந்துவிட்டது. குரைப்பு போய்விட்டால் என்ன செய்வது? அதற்கு நன்றி காட்ட வேண்டுமென்றால் எங்கே காட்டுவது? உடம்பிடம்தான் காட்ட வேண்டும். ஆகவே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ராக்கெட்டுக்குப் பலகாரம் வந்தது: ஈரல், சாளை மீன் தலை, முட்டை பப்ஸ், பழைய பரோட்டா, காராச்சேவு. ஒருவர் மூட்டுவலித் தைலம் கொடுத்தார். ஒருவர் தன் அம்மாவுக்கு வாங்கி மிச்சமான சத்துமாவு டப்பாவைக் கொடுத்தார். ராக்கெட் மரியாதைக்கு எல்லாவற்றையும் முகர்ந்தான், சிலதைத் தின்றான், தின்றதெல்லாம் வயிற்றில் நிற்காமல் சாக்கிலேயே போனது. ராஜபுஷ்பம் சாக்கை மாற்றினாள், டெட்டால் ஊற்றிக் கழுவினாள், புண்ணில் ஈ உட்காராமல் வேப்பெண்ணெய் தடவினாள், அவனை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் திருப்பிப் போட்டாள், மறுபடி கையைக் கழுவிவிட்டு மாவு அள்ளிக் கொடுத்தாள். எவ்வளவு கழுவினாலும் யாராவது மோந்துபார்த்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டாள்.

டாக்டரின் பேச்சைத் தெருவில் யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது சௌகரியமாகவே இருந்தது. குரைப்பு இவ்வளவு தெம்பாக ஓடும்போது யார் போய் ஊசி போடுவார்கள்? அவனுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் அல்லவா? தினமும் சாயங்காலம் குரைப்பு தெருவை அளக்க வரும்போது ராக்கெட் காதைத் தூக்குவான், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, செத்த இடுப்பை இழுத்துக்கொண்டு, கேட்டுவரைக்கும் நகர்ந்து போவான். தெருவே நின்று பார்க்கும். "பாரேன், தான் பெத்த பிள்ளையப் பாக்கப் போற மாதிரில்ல போறான்," என்று சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். "என்னா ஒரு பெருமை!"

போகிற வழியெல்லாம் சிமென்ட் தரையில் சிவப்பாக ஒரு கோடு விழும். அதை ராஜபுஷ்பம் பிறகு துடைப்பாள்.

ஒருநாள் அவள் அந்தக் கோட்டைத் துடைக்கக் குனிந்தவாக்கில், முகம் அவன் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. நின்றுகொண்டு பார்த்தால் நாயின் முதுகுதான் தெரியும். தரையோடு தரையாக இருந்தால்தான் முகம் தெரியும். வெளியே குரைப்பு குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே ராக்கெட்டின் மேலுதடு சுருண்டு, மிச்சமிருந்த கோரைப்பல் ஒன்று வெளியே வந்திருந்தது. பிடரி மயிர் முழுக்கச் சிலிர்த்து நின்றது. தொண்டை அடைத்துக்கொண்டு உறுமப் பார்த்தது, உறுமல் வரவில்லை. பிள்ளையைப் பார்க்கப் போகிற முகம் இல்லை அது. முன்பு கிட்டங்கிக் கறுப்பன் என்று ஒரு நாய் இந்தத் தெருவைப் பிடிக்க வந்தபோது, ஒரு காது கிழிந்தும் விடாமல் நின்றானே, அந்த முகம்.

அவள் கையில் இருந்த துணி அப்படியே நின்றது.

எந்த நாய் தன் குரைப்பைத் தானே வெளியிலிருந்து கேட்டிருக்கிறது? செல்வராணி ஒருமுறை அவள் பேசியதையே போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டியபோது, "யார்ட்டி இந்தக் கழுத, இப்படிக் கத்துறா?" என்று ராஜபுஷ்பமே கேட்கவில்லையா? இவனுக்கு மட்டும் எப்படித் தெரியும்? வேறு எவனோ ஒரு வாலிப நாய் தன் தெருவுக்குள் புகுந்து, தன் பால்காரரைப் பார்த்துக் குரைத்து, தன் வேனை விரட்டி, தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்று சவால் விடுகிறான், தன்னால் எழுந்து போய் ஒரு கடி வைக்க முடியவில்லை என்றல்லவா இவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்? ஊர் வேடிக்கை பார்க்க, தினம் தினம் சண்டைக்குப் போய், கேட்டோடு தோற்றுத் திரும்புகிறான்.

"ஏய், அது நீதாம்டா," என்றாள் அவன் காதில். அவன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் எழுந்து போய் டாக்டருக்குப் போன் போட்டாள். "நாளைக்குச் சாயங்காலம் வந்துருங்க." காலண்டரைப் பார்க்கவில்லை.

செய்தி மாவு வாங்க வந்தவர்கள் வழியாகப் பரவி, மறுநாள் மத்தியானமே சங்கம் அவள் வாசலில் கூடிவிட்டது. பாக்கியநாதன் அண்ணாச்சி விசிலடித்துக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார்.

"புஷ்பம், நாயி ஒன்னோடது, ஒத்துக்கிடுதோம். கொரைப்பு பொதுச் சொத்து. நாயி போயி, கூடவே கொரைப்பும் போயிருச்சுன்னா தெருவுக்கு யார் பதில் சொல்றது? தீவாளி வரைக்கும் பொறு. டிரிப்ஸ் ஏத்துவோம்."

"யாரு ஏத்துறது?"

"சங்கம் ஏத்தும்."

"சங்கமே பீயும் அள்ளுமா அண்ணாச்சி?"

சங்கம் ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டது. சீனியம்மாள் சமாதானமாக, "மதினி, அவன் சந்தோசமாத்தான இருக்கான், சாயங்காலமானா எப்படிப் போயி நிக்கான்," என்றாள்.

"நீங்க நின்னு பாக்குறீக. வந்து தரையில படுத்துப் பாருங்க."

யாரும் படுக்கவில்லை. வெள்ளைவேட்டிக்காரர்கள் பாதிப்பேர். அப்போது வாசலில் டயர் சத்தம் கேட்டது. குருசாமி தீப்பெட்டி ஆபீசில் அரைநாள் லீவு போட்டுவிட்டு, தண்ணீர்க்குடம் வைத்துத் தள்ளுகிற வண்டியை எங்கேயோ இரவல் வாங்கி, குடங்களை இறக்கிவிட்டு, அதில் பழைய மெத்தை ஒன்றை விரித்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். அவர் எதற்கென்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முந்தின ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு, அவனைத் தெருமுனைக்கு எப்படிக் கொண்டுபோவது என்று அவள் புலம்பியதை அவர் தூங்கிவிட்டதாகக் காட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டிருக்கிறார். அண்ணாச்சி அவரைப் பிடித்து, "என்னய்யா குருசாமி, ஒம் பொண்டாட்டி இப்படிச் சொல்லுதா?" என்றார்.

"அவ இஷ்டம்," என்றார் குருசாமி, ராக்கெட்டைத் தூக்கி வண்டியில் வைத்தபடி.

டாக்டர் இன்பராஜ் பையோடு வந்து சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ராஜபுஷ்பம் நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் இருங்க டாக்டர், இவனுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு," என்று சொல்லி வண்டியைத் தெருமுனைக்குத் தள்ளினாள். தோற்றுப்போன நாயாக அவனை அனுப்புவதில்லை என்று அவள் முடிவு பண்ணியிருந்தாள். தெரு மொத்தமும் பின்னாலேயே வந்தது, டாக்டரும் வந்தார்.

பிளக்ஸுக்குக் கீழே அவள் வண்டியை நிறுத்தியதும், பாலத்துப் பக்கமிருந்து குரைப்பு வந்தது. அளந்து அளந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, யார் தெரு யார் தெரு என்று கேட்டுக்கொண்டே வந்தது. மெத்தையில் ராக்கெட்டின் பிடரி சிலிர்த்தது. முன்னங்கால்களை ஊன்றினான். வாயைத் திறந்தான். காற்று வந்தது.

ராஜபுஷ்பம் அவனுக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, குரைத்தாள்.

முதல் குரைப்பு நன்றாக வரவில்லை. தும்மல் மாதிரி வந்தது. சின்னப் பிள்ளைகள் சிரித்தன. சீனியம்மாள், "ஆத்தாடி, மதினிக்கு என்னமோ ஆகிப்போச்சு," என்றாள். இரண்டாவது குரைப்பு வயிற்றிலிருந்து வந்தது. மூன்றாவது எங்கேயிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. புளித்த மாவுக்கும், வராத போனுக்கும், வந்த போனுக்கும், எல்லாரும் தன்மேலேயே போட்டுவிட்டு நின்ற ஒவ்வொரு இஷ்டத்துக்கும் சேர்த்து வந்தது. எதிரே குரைப்பு ஒரு கணம் நின்றது. பிறகு அதுவும் ஏறிக் குரைத்தது. அவள் ஓர் அடி முன்னே வைத்துக் குரைத்தாள். அது பக்கவாட்டில் பாய்ந்து குரைத்தது. அவள் துண்டை உதறிக் கொண்டை அவிழக் குரைத்தாள். மாடிகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள், ஒரு மினிபஸ் நின்றே விட்டது.

இரண்டு வயதில் அந்தக் குரைப்பு இந்த ஊரில் யாருக்கும் பயந்ததில்லை, ஒரே ஒரு ஆளைத் தவிர. ஊறவைத்த உளுந்துப் பாத்திரத்தில் வாயை விட்டதற்காகத் துடைப்பத்தோடு தெரு முழுக்கத் துரத்தியவளின் தொண்டை அது என்று அதற்கு இப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அதன் வள்வள் குறைந்து, ஊளையும் இல்லாத முனகலும் இல்லாத ஒன்றாக இறங்கியது. பின்வாங்கியது. "போ!" என்றாள் ராஜபுஷ்பம், குரைப்பிலேயே. அது பாலத்தில் ஏறியது, பாலத்தைத் தாண்டியது, இருக்கன்குடி ரோட்டில் சின்னதாக, இன்னும் சின்னதாகப் போய், லாரிச் சத்தத்தில் கரைந்து, பிறகு கேட்கவே இல்லை.

தெருவில் அப்படி ஓர் அமைதி பல நாளாக இருந்ததில்லை. "போச்சு," என்றார் பாக்கியநாதன் அண்ணாச்சி. "தெருவையே தொறந்து போட்டுட்டா."

ராஜபுஷ்பம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராக்கெட்டைப் பார்த்தாள். சுருண்டிருந்த உதடு இறங்கியிருந்தது. பிடரி மயிர் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தது. அவன் பூ விழுந்த கண்ணால் பாலத்தை ஒரு தடவை, தெருவை ஒரு தடவை பார்த்தான். பிறகு மூக்கைத் தூக்கி, பக்கத்தில் இருந்த கரண்டுக் கம்பத்தைப் பார்த்து, ஏதோ மறந்துபோன வேலை ஞாபகம் வந்தவன் மாதிரி முன்னங்காலால் மெத்தையைப் பிறாண்டினான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "என்னங்க, இவன் நெஞ்சைப் பிடிங்க," என்றாள். குருசாமி தூக்கிப் பிடித்தார். இரண்டு பேருமாக அவனைக் கம்பத்துக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவள் இடுப்புக்கு ஒரு கையைக் கொடுத்து, மற்றக் கையால் அந்தச் செத்த பின்னங்காலை மெதுவாகத் தூக்கி, எவ்வளவு உயரம் தூக்கினால் ஒரு ஆண் நாய்க்குக் கௌரவமாக இருக்குமோ அவ்வளவு உயரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இங்கயே போட்டுரலாமா?" என்று டாக்டர் ஊசியோடு பக்கத்தில் வந்தார்.

"இருங்க டாக்டர். இன்னும் வரல."

சங்கம் நின்றது, சீனியம்மாள் நின்றாள், மினிபஸ் நின்றது. ராஜபுஷ்பம் காலைப் பிடித்தபடி, "வரும்டா, வரும்டா, அவசரமே இல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தது. கொஞ்சம்தான். பாதி கம்பத்திலும் பாதி அவள் மணிக்கட்டிலும் சூடாக விழுந்தது. அவன் நீளமாக ஒரு மூச்சை விட்டு, தலையைக் குருசாமியின் தோளில் சாய்த்தான்.

அவள் காலை இறக்கினாள். கையைத் துடைக்கவில்லை.

"இப்ப," என்றாள்.